அழிந்த கணக்கு மீண்டு வருமா?

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்று நம்மில் அனேகமாக எல்லோரும் எழுதத்தான் செய்கிறோம். ஆனால் ஏட்டில் அல்ல, கம்ப்யூட்டரில். எழுதிய கணக்கு ஒரு விரல் அசைவில் காணாமற் போனால் என்ன செய்வது? அழுதால் தீராது; பதறினால் உள்ளதும் கெடும். விஷயம் தெரிந்து நிதானமாக நடந்தால் பல சமயங்களில் கணக்கை மீட்டுவிடலாம். அதை விளக்கவே இக்கட்டுரை.

இப்படி ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், திருமங்கலம் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போகிறது. பாதி ரொக்கம், பாதி கடன். அறுப்பு முடிந்ததும் தருகிறேன், திருவிழா கழிந்ததும் தருகிறேன் என்று வாய்ச்சொல்லில் போன பாக்கிகள் ஏராளம். மார்ச் மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று பில் போடும் பையன் பழைய ஃபைல்களை நீக்குகிறான். பழைய ஆண்டு என்று நினைத்து நடப்பு ஆண்டின் ஃபோல்டரையே, ஷிஃப்ட் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, அழித்துவிடுகிறான். "அண்ணாச்சி, கணக்கு திறக்க மாட்டேங்குது" என்று அவன் வந்து நிற்கும்போது முதலாளியின் கையில் மிஞ்சுவது ஞாபகம் மட்டுமே.

இந்த இடத்தில்தான் அரைகுறையாய்த் தெரிந்த ஒருவர் தைரியம் சொல்வார்: "கவலைப்படாதீர்கள், இப்போதைய கம்ப்யூட்டரில் ஜர்னல் உண்டு. எல்லாம் அதில் பதிவாகி இருக்கும், திரும்ப எடுத்துவிடலாம்." இது பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி தவறு என்று தெரிந்துகொள்வது நமக்கு மிக அவசியம்.

கிட்டங்கியும் சரக்கு அட்டையும்

கம்ப்யூட்டரின் டிஸ்க்கை ஒரு பெரிய கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் வந்த வரிசைக்கு ஆங்காங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தச் சரக்கு எந்த வரிசையில், எத்தனை மூட்டை என்று வாசலில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். மூட்டைதான் நம் கணக்கு விவரம். அட்டைதான் ஃபைலின் பெயர், அளவு, இருக்கும் இடம் ஆகிய குறிப்பு. அட்டைகளையும் மூட்டைகளையும் ஒழுங்காக வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கே ஃபைல் சிஸ்டம் என்று பெயர்.

ஒரு ஃபைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் மூட்டைகளை வெளியே தூக்கி எறிவதில்லை. அட்டையில் "இந்த இடம் காலி" என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மூட்டை அங்கேயே கிடக்கும். அடுத்து ஒரு புதுச் சரக்கு வந்து அந்த இடத்தில் இறங்கும்போதுதான் பழையது உண்மையாகவே போகிறது. அழிந்த ஃபைலை மீட்க முடியும் என்பதற்கு அடிப்படையே இதுதான். மீட்பதில் தாமதம் ஆகாது என்பதற்கும் காரணம் இதுதான்.

டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய மூத்த அன்பர்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். 1991இல் வந்த எம்.எஸ்.-டாஸ் 5இல் "அன்டிலீட்" என்ற கட்டளை இருந்தது. அழிந்த ஃபைலின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் நம்மிடம் கேட்கும். ஏனென்றால் அந்த நாளைய முறையில் அழிப்பது என்றால் பெயரின் முதல் எழுத்தை மாற்றி ஒரு குறி போடுவதுதான். சொன்னால் ஃபைல் அனேகமாக வந்துவிடும். இன்று அவ்வளவு சுலபமில்லை. அதற்குக் காரணங்களில் ஒன்றுதான் இந்த ஜர்னல்.

ஜர்னல் ஏன் வந்தது?

ஜர்னல் என்றால் குறிப்பேடு. வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலை முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பிறகு பேரேட்டில் ஏற்றுகிறோம். பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், மறுநாள் குறிப்பேட்டைப் பார்க்கிறோம். குறிப்பு முழுமையாக இருந்தால் பேரேட்டில் ஏற்றுகிறோம். பாதியில் நின்றிருந்தால் தள்ளிவிடுகிறோம். எப்படியானாலும் பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் பற்று, மறுபக்கம் வரவு இல்லை என்ற குழப்பம் வராது.

கம்ப்யூட்டரும் அச்சாக இதையே செய்கிறது. அட்டையில் ஒரு மாற்றம் செய்வதற்கு முன் அதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறது. நடுவில் மின்சாரம் நின்றால், மறுபடி இயக்கும்போது குறிப்பேட்டைப் படித்துச் சரிசெய்துகொள்கிறது. குறிப்பேடு இல்லாத காலத்தில் டிஸ்க் முழுவதையும் அட்டை அட்டையாகச் சோதிக்க வேண்டியிருந்தது. பெரிய டிஸ்க் என்றால் அதற்கு வெகு நேரம் பிடித்தது.

ஐ.பி.எம். நிறுவனம் 1990இல் தன் ஏ.ஐ.எக்ஸ். கம்ப்யூட்டர்களில் இந்த முறையைக் கொண்டுவந்தது. 1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் என்.டி.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டம் வந்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த பிறகு நம் கடைக் கம்ப்யூட்டர்களுக்கும் அது பரவியது. லினக்ஸில் ஸ்டீபன் ட்வீடி என்பவர் 1998இல் இம்முறையை விளக்கி எழுதினார். அது எக்ஸ்ட்-3 என்ற பெயரில் 2001 நவம்பரில் லினக்ஸில் சேர்ந்தது. அதன் வாரிசான எக்ஸ்ட்-4, 2008 டிசம்பரில் வந்தது.

லினக்ஸ் நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்களில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸும் வந்தது. பிள்ளை படித்து முடித்ததும் அந்த லேப்டாப் கடையின் கணக்குப் பெட்டியாக மாறிய இடங்களும் உண்டு. தவிர, கடைகளில் பொதுச் சேமிப்பாக வைக்கும் சிறிய நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகளில் பல, உள்ளே லினக்ஸில்தான் ஓடுகின்றன.

2012ஆம் ஆண்டின் மின்வெட்டை மதுரை வணிகர் எவரும் மறந்திருக்க முடியாது. நாளுக்குப் பல மணி நேரம் இருட்டு. பேட்டரி இல்லாத கடைகளில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணையும். அப்படி அணைந்தும் டிஸ்க்கின் அட்டை அமைப்பு சிதையாமல் தப்பியதில் இந்தக் குறிப்பேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

குறிப்பேடு செய்யாதது என்ன?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தக் குறிப்பேடு அட்டைக்குத்தான் காவல், மூட்டைக்கு அல்ல. வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட்-3, எக்ஸ்ட்-4 இரண்டும் அட்டை மாற்றங்களை மட்டுமே குறிப்பேட்டில் எழுதுகின்றன. நம் பில் விவரம், பாக்கித் தொகை இவையெல்லாம் நேரே டிஸ்க்குக்குப் போய்விடும். மூட்டையையும் சேர்த்து எழுதும்படி அமைக்க முடியும். ஆனால் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டியிருப்பதால் வேகம் குறையும். ஆகவே அவ்வாறு அமைப்பவர் அரிது.

இரண்டாவது, குறிப்பேட்டுக்குப் பக்கங்கள் கொஞ்சம். எக்ஸ்ட்-4இல் அதன் அளவு டிஸ்க்கைப் பொறுத்தது; பழைய அமைப்புகளில் பெரும்பாலும் 128 எம்.பி., இப்போதைய பெரிய டிஸ்க்கில் 1 ஜி.பி. வரை. கடைசிப் பக்கம் நிரம்பியதும் முதல் பக்கத்தின் மேலேயே மறுபடி எழுதத் தொடங்கும். ஆகவே ஓயாமல் வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் காலையில் எழுதியது மாலையில் இருக்காது.

மூன்றாவது, குறிப்பேட்டைப் பொறுத்தவரை நீங்கள் ஃபைலை அழித்ததும் ஒரு முறையான நடவடிக்கைதான். தெரிந்து அழித்தீர்களா, தெரியாமல் அழித்தீர்களா என்று அது கேட்காது. அழிக்கும் வேலை பாதியில் நின்றால் அதை ஒழுங்காக முடித்து வைப்பதே அதன் கடமை.

இதனால் ஒரு விபரீதமும் உண்டு. குறிப்பேடு இல்லாத பழைய எக்ஸ்ட்-2இல் ஃபைலை அழித்தால், மூட்டை எந்த வரிசையில் இருந்தது என்ற விவரம் அட்டையில் அப்படியே இருக்கும். மீட்பது எளிது. எக்ஸ்ட்-3 வந்ததும் நிலைமை மாறியது. அழிக்கும்போது நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வரிசையை விடுவிக்கும்போதும் அட்டையில் அந்த வரிசை எண்ணையே சுரண்டி எடுத்துவிடுகிறது. முடிவில் அட்டை வெறும் அட்டை. மூட்டை கிட்டங்கியில் இருக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்ல ஆளில்லை. எக்ஸ்ட்-4லும் இதே கதைதான். பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடே மீட்பைக் கடினமாக்கியது என்பது இதன் முரண்.

அப்படியானால் மீட்பு எப்படி நடக்கிறது?

வழி இல்லாமல் இல்லை. இந்தக் குறிப்பேடு மாற்றத்தை மட்டும் ஒரு வரியில் எழுதுவதில்லை. மாற்றம் நடந்த பக்கம் முழுவதையும் நகலெடுத்து வைக்கிறது. ஒரு பக்கத்தில் பல அட்டைகள் இருக்கும். எக்ஸ்ட்-4இன் வழக்கமான அளவில் ஒரு பக்கத்துக்கு 16 அட்டைகள். பக்கத்து ஃபைலில் ஏதோ மாற்றம் நடந்தபோது, நம் ஃபைலின் அட்டையும் அதே பக்கத்தோடு சேர்ந்து நகலாகி இருக்கலாம். அந்த நகலில் நம் அட்டை சுரண்டப்படாமல் முழுதாக இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, "மூட்டை இந்த வரிசையில் இருந்தது" என்று கண்டுபிடித்து எடுப்பதுதான் எக்ஸ்ட்அன்டிலீட் போன்ற இலவச நிரல்கள் செய்யும் வேலை.

ஆகவே இரண்டு நிபந்தனைகள் கூட வேண்டும். பழைய அட்டையின் நகல் குறிப்பேட்டில் இன்னும் மிஞ்சி இருக்க வேண்டும். மூட்டை இருந்த இடத்தில் புதுச் சரக்கு இறங்காமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: அழித்த பிறகும் அந்தக் கம்ப்யூட்டரில் தொடர்ந்து வேலை செய்வது.

விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்.ஸில் நிலைமை சற்று அனுகூலம். அங்கே ஃபைல் அழிந்தால் அட்டையில் "இது உபயோகத்தில் இல்லை" என்ற குறி விழும். பெயரும் வரிசை எண்ணும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்த அட்டையை வேறொரு புது ஃபைலுக்குக் கொடுக்கும் வரை அவை நிலைக்கும். ஆகவே உடனடியாகக் கவனித்தால் பெயரோடும் ஃபோல்டரோடும் மீட்க வாய்ப்பு அதிகம்.

எஸ்.எஸ்.டி. என்றால் எச்சரிக்கை

மேலே சொன்னதெல்லாம் சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க்குக்கு. இப்போது வேகத்துக்காகப் பலரும் எஸ்.எஸ்.டி. மாற்றிக்கொள்கிறோம். அதில் ட்ரிம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஃபைல் அழிந்ததும் "இந்த இடங்கள் காலி" என்று கம்ப்யூட்டர் எஸ்.எஸ்.டி.க்குத் தகவல் அனுப்புகிறது. எஸ்.எஸ்.டி. ஓய்வான நேரத்தில் அந்த இடங்களைத் தானே துடைத்து வைத்துக்கொள்கிறது. அதாவது அட்டையைக் கிழித்ததும் கிட்டங்கிக் காவல்காரன் மூட்டையையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறான்.

விண்டோஸ் 7 முதல், அழித்த உடனேயே இந்தத் தகவல் போகிறது. ஆகவே உள்ளே பொருத்திய எஸ்.எஸ்.டி.யில் ஷிஃப்ட் அழுத்தி அழித்த ஃபைல் மீள்வது அரிது. உபுண்டு போன்ற லினக்ஸ்களில் வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக ட்ரிம் நடப்பது வழக்கம். எனவே அங்கே சில நாள் அவகாசம் கிடைக்கலாம். சில புதிய வகை ஹார்டு டிஸ்க்குகளிலும் ட்ரிம் உண்டு. சாதாரண பென் டிரைவில் பெரும்பாலும் இந்தத் துடைப்பு நடப்பதில்லை. அதிலிருந்து மீட்பது எளிது.

முதல் ஒரு மணி நேரம்: செய்ய வேண்டியவை

1. கையை எடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பில் போடுவதையும் இணையம் பார்ப்பதையும் உடனே நிறுத்துங்கள். வியாபாரம் நிற்கக் கூடாது என்றால் கார்பன் வைத்த பில் புத்தகத்தில் எழுதுங்கள்.

2. ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். ஷிஃப்ட் அழுத்தாமல் அழித்திருந்தால் ஃபைல் அங்கேதான் இருக்கும். ஆனால் ஒன்று: நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டரின் ஃபோல்டரில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வருவதில்லை. கல்லாக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உள்ளறைக் கம்ப்யூட்டரின் கணக்கை அழிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

3. கணக்கு நிரல் திறந்த நிலையில் இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் ஒரு ஃபைல் திறந்திருக்கும்போது அழித்தால், அந்த நிரலை மூடும் வரை ஃபைல் உண்மையில் போவதில்லை. விவரம் தெரிந்தவர் வந்து அதை அப்படியே நகல் எடுத்துவிடலாம். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் நிரலை மூடாதீர்கள், கம்ப்யூட்டரையும் அணைக்காதீர்கள்.

4. மற்றபடி கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். இயங்கிக்கொண்டு சும்மா இருந்தாலும் அது தன்பாட்டுக்கு ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். எஸ்.எஸ்.டி. என்றால் துடைப்பு வேலையும் நடக்கும். அணைத்த பின் "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசை வேண்டாம்.

5. மீட்கும் நிரலை அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவாதீர்கள். தேடப் போன மூட்டையின் மேலேயே புது மூட்டையை இறக்கின கதை ஆகிவிடும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்ப்பதே முறை.

6. "டிஸ்க்கில் பிழை, சரிசெய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் சம்மதம் கொடுக்காதீர்கள். செக் டிஸ்க் போன்ற சோதனைகள் அட்டைகளை ஒழுங்குபடுத்தும். அந்த ஒழுங்கில் நமக்கு வேண்டிய தடயம் போய்விடும்.

7. டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் எந்த நிரலும் வேண்டாம். அது இயந்திரக் கோளாறு. மறுபடி மறுபடி இயக்கினால் தட்டில் கீறல் விழும். அதற்கென்று உள்ள ஆய்வுக்கூடத்தில் கொடுப்பதே வழி.

சர்வீஸ்காரரிடம் கொடுக்கும்போது

முதலில் டிஸ்க் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நகலின் மேல்தான் முயற்சிகள் நடக்க வேண்டும். அசலில் கைவைக்கக் கூடாது. மூலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கொடுப்பதற்குச் சமம் இது. லினக்ஸ் டிஸ்க் என்றால், படிக்க மட்டும் என்ற நிலையில், ஜர்னலை ஓட்டாமல் இணைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

நிரல்களில் இரண்டு வகை உண்டு. அட்டையைத் தேடிப் பிடித்து அதன்படி எடுப்பவை ஒரு வகை. எக்ஸ்ட்-3, எக்ஸ்ட்-4க்கு எக்ஸ்ட்அன்டிலீட். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் 2020இல் இலவசமாக வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரிகவரி, ரெகூவா முதலியவை. இவற்றில் பெயரும் ஃபோல்டரும் கிடைக்க வாய்ப்பு உண்டு. மற்றொரு வகை, அட்டையைப் பார்க்காமல் மூட்டை ஒவ்வொன்றையும் பிரித்து, இது படம், இது கடிதம், இது கணக்குத் தாள் என்று வடிவத்தை வைத்து எடுப்பவை. போட்டோரெக் என்ற இலவச நிரல் இவ்வகை. இதில் பெயர் வராது. ஆயிரக்கணக்கில் எண் போட்ட ஃபைல்கள் வந்து விழும். அதற்குத் தெரியாத வகை ஃபைலைக் கண்டுகொள்ளவும் செய்யாது.

டேலி போன்ற கணக்கு நிரல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு கம்பெனியின் கணக்கு ஒரே ஃபைல் அல்ல. எண்ணால் பெயரிட்ட ஒரு ஃபோல்டருக்குள் பல ஃபைல்கள். அத்தனையும் ஒரே நேரத்து நிலையில், பெயர் மாறாமல் கிடைத்தால்தான் கணக்கு திறக்கும். ஆகவே சர்வீஸ்காரரிடம் "முழு ஃபோல்டர் வேண்டும்" என்று சொல்லுங்கள். அழிந்த நேரம், ஃபோல்டரின் பெயர், இருந்த இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கட்டணத்தை முன்கூட்டிப் பேசுங்கள். உங்கள் கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பட்டியலும் அந்த டிஸ்க்கில் இருப்பதை மறவாமல், நகலை அழித்துவிடுவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மீட்க முடியாமல் போனால்

கணக்கில் ஒரு பகுதியை வெளியிலிருந்து திரட்டலாம். ஜி.எஸ்.டி. தளத்தில் நாம் தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் இருக்கும். 2பி படிவத்தில் நமக்குச் சரக்குப் போட்டவர்களின் பில் விவரம் இருக்கும். ஈ-வே பில் விவரம், பாங்க் ஸ்டேட்மெண்ட் ஆகியவையும் உதவும். ஆடிட்டரிடம் சென்ற ஆண்டு இறுதி இருப்பு இருக்கும்.

ஆனால் சில்லறைக் கடைக்காரர் தர வேண்டிய பாக்கி எந்த அரசாங்கத் தளத்திலும் இல்லை. பேரையூர்க் கடைக்காரர் வாங்கிய சரக்கில் எவ்வளவு கட்டினார், எவ்வளவு நிற்கிறது என்பது உங்கள் கணக்கில் மட்டுமே இருந்தது. கணக்கு போனால், நல்ல மனிதர்கள் தம் சீட்டைப் பார்த்துத் தருவார்கள். மற்றவர்களிடம் நம் வாய்ச்சொல் எடுபடாது. கோர்ட்டுக்குப் போனாலும், முறையாக எழுதி வந்த கணக்கேட்டைச் சட்டம் சான்றாக ஏற்கும். ஆனால் அது ஒன்றே போதும் என்று சொல்லாது. கையெழுத்திட்ட பில்லும் டெலிவரி சீட்டும் கூட இருக்க வேண்டும். கடன் பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் கெடு என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. ஆகவே கடன் சரக்குக்குக் கையெழுத்து வாங்கிய பில் நகலைத் தேதிவாரியாகக் கட்டி வையுங்கள்.

சட்டத்தின் கண்டிப்பும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்து வைக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கு அந்தக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. எனவே அந்த ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். 57ஆம் விதி, கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர் விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 56ஆம் விதி, திருத்திய, நீக்கிய பதிவு ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்க வேண்டும் என்கிறது. பார்த்தீர்களா, சட்டமும் ஒரு குறிப்பேட்டைத்தான் கேட்கிறது! "பையன் அழித்துவிட்டான்" என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

வருமுன் காக்க

ஜர்னல் என்பது கரண்ட் போவதற்கு மருந்து. கை தவறுவதற்கு மருந்து அல்ல. கை தவறுவதற்கு ஒரே மருந்து நகல்தான். மூன்று-இரண்டு-ஒன்று என்று கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். கணக்கு மூன்று பிரதியாக இருக்கட்டும். இரண்டு விதமான சாதனத்தில் இருக்கட்டும். ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும்.

நம் கடைகளுக்கு இதைச் சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

தினமும் கல்லாவை எண்ணி முடித்ததும், பூட்டுவதற்கு முன், கணக்கு நிரலிலேயே உள்ள பேக்கப் வசதி மூலம் பென் டிரைவில் நகல் எடுங்கள். திங்கள் முதல் சனி வரை ஆறு பென் டிரைவுக்குக் கிழமைப் பெயர் ஒட்டுங்கள். அப்போது இன்று நடந்த தவறு இன்றைய நகலில் ஏறினாலும் நேற்றைய நகல் சுத்தமாக இருக்கும். அன்றைய பென் டிரைவ் முதலாளியோடு வீட்டுக்குப் போகட்டும். கடையில் தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் கணக்கு வீட்டில் பத்திரம்.

வாரம் ஒரு முறை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல். எடுத்ததும் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் வைரஸ் வந்து கணக்கைப் பூட்டும்போது நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இணையத்தில் கூகுள் டிரைவ் போன்றவற்றில் வைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். தானாக ஒத்திசையும்படி வைத்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் அது 30 நாள் இருக்கும்; அதற்குப் பின் போய்விடும்.

பில் போடும் பையனுக்குத் தனி நுழைவுச்சொல் கொடுங்கள். கணக்கு ஃபோல்டரை நீக்கும் அதிகாரம் அவனுக்கு வேண்டாம். அவனை நம்பாததால் அல்ல. தவறு நடந்தால் பழி அவன்மேல் விழக் கூடாது என்பதற்காக.

மாதம் ஒரு முறை, ஒரு நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஐந்து வாடிக்கையாளரின் பாக்கி சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். திறந்து பார்க்காத நகல், கை விட்டுப் பார்க்காத மூட்டை மாதிரி. உள்ளே பருப்பா உமியா என்று தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை மட்டும் தாளில் அச்சிட்டு ஃபைலில் கோத்து வையுங்கள். பத்துத் தாள் ஆகும். ஆனால் எல்லாம் கைவிட்ட நாளில் அந்தப் பத்துத் தாள்தான் உங்கள் முதலைக் காப்பாற்றும்.

நம் முன்னோர் புதுக் கணக்கேட்டுக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்தார்கள். அந்த ஏட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்கள். கணக்கு என்பது வெறும் எண் அல்ல, பல பேருடைய நாணயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏடு மாறி டிஸ்க் வந்துவிட்டது. பூட்டிச் சாவியை மடியில் வைக்கும் வழக்கம் மட்டும் மாற வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் இன்று இரவே ஒரு நகல் எடுத்துவிட்டுக் கடையைப் பூட்டுங்கள்.